கொழும்பில இருந்து நுவரெலியா போய் குளிருக்குள்ள தைப்பொங்கல்: முதல் தடவை போற குடும்பங்களுக்கு

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளை பக்கம் பிளாட்டில இருக்கிற ஆக்களுக்குப் பொங்கல் எண்டால் காஸ் அடுப்பில குக்கர்தான், மிஞ்சி மிஞ்சிப் போனால் பல்கனியில ஒரு சின்ன அடுப்பு, அதுக்கும் மேல் வீட்டு ஆக்கள் புகை வருது எண்டு கத்துவினம். அதாலதான் கொஞ்சக் காலமா கனக்கக் குடும்பங்கள் பொங்கல் லீவுக்கு நுவரெலியா பக்கம் பங்களா எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில பொங்கிப்போட்டு அப்பிடியே குளிரையும் பாத்திட்டு வருகினம். நல்ல விஷயம்தான். ஆனால் இதைச் சும்மா ட்ரிப் மாதிரி பிளான் பண்ணினால் சரிவராது, ஒரு பண்டிகையையும் ஒரு பயணத்தையும் ஒண்டாக் கொண்டு போறீங்கள், பொங்கல் காலைதான் நடு, மற்றதெல்லாம் அதைச் சுத்தித்தான் வரோணும். நாங்கள் பட்ட அலைச்சல் மற்ற ஆக்களுக்கு வேண்டாம் எண்டு எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வைக்கிறன்.

1. திகதி: எப்ப வெளிக்கிடுறது

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. முதல் நாள் பின்னேரம் மூண்டு மணிக்கு முன்னம் பங்களாவுக்குள்ள நிக்கோணும், இதில விட்டுக்குடுக்காதேங்கோ. இருட்டினாப் பிறகு போய் இறங்கினால் முற்றம் எப்பிடி இருக்கு, கிழக்கு எந்தப் பக்கம், விறகு காய்ஞ்சதா ஒண்டும் தெரியாது, டவுனில கடையளும் நேரத்துக்கே பூட்டத் தொடங்கிடும். பொங்கலண்டு விடியக் கொழும்பில இருந்து வெளிக்கிட்டுப் போய் அங்க பொங்குவம் எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கினம், அஞ்சாறு மணித்தியால வளைவுப் பாதையில வாந்தி எடுத்துக்கொண்டு போய் மத்தியானம் பொங்கிறது பொங்கல் இல்லை, மதியச் சாப்பாடு.

நத்தார்ல இருந்து புதுவருஷம் வரைக்கும் இருக்கிற கிழமையைத் தவிருங்கோ. வாடகை எகிறும், மழையும் கூட. டிசம்பர்ல அங்க வடகீழ்ப் பருவமழை, நாள் முழுக்க மூடிக்கொண்டு சிணுங்கும். ஜனவரி நடுவில இருந்து மழை குறையத் தொடங்கும், ஆனால் குளிர் கூடும். பகலில 20 பாகை கிட்ட இருக்கும், வெயில் பட்டால் சுகமா இருக்கும், ராத்திரி 10க்குக் கிட்ட இறங்கும், வானம் தெளிவா இருக்கிற சில நாளில அதுக்கும் கீழ போய் விடிய புல்லில வெள்ளையா உறைபனி கிடக்கும். பிள்ளையள் அதை ஸ்னோ எண்டு கத்துவினம், கத்தட்டும்.

2. தங்குற இடம்

இதுக்குத்தான் கூட நேரம் செலவழியுங்கோ. நவம்பர்லயே தேடத் தொடங்கினால் நல்லது. பொங்கல் வெள்ளி, திங்கள் எண்டு சனி ஞாயிறோட ஒட்டி வந்தால் கொழும்பே மலை ஏறும், அப்ப இன்னும் முந்தோணும்.

ஹோட்டல் றூம் எடுத்தால் முற்றத்தில நெருப்பு மூட்ட விடமாட்டினம். அதால முழு பங்களாவா எடுக்கிறதுதான் வசதி, ரெண்டு குடும்பம் சேர்ந்தால் தலைக்குச் செலவும் குறையும். அட்வான்ஸ் போட முதல் வட்ஸ்அப்பில இதுகளை எழுத்தில கேட்டு எழுத்திலயே பதில் வாங்குங்கோ, போனில சொன்னது அங்க போனாப் பிறகு "நான் அப்பிடிச் சொல்லேல்லையே" எண்டு மாறும்.

முற்றத்தில விறகடுப்பு மூட்டலாமா, எந்த இடத்தில? சில இடங்களில புல்லு கருகும் எண்டு விடமாட்டினம், கொங்கிறீட் போட்ட இடம் இருந்தால் ஓம் எண்டுவினம். சுடுதண்ணி எல்லா பாத்ரூமிலயும் வருமா இல்லை ஒண்டில மட்டுமா? சோலர் எண்டால் ரெண்டு நாள் வெயில் இல்லாட்டி பச்சைத்தண்ணிதான், கரண்ட் கீசர் இருக்கா எண்டு தனியாக் கேளுங்கோ. றூம் ஹீட்டருக்குத் தனிக் காசா? கனக்க இடத்தில ஒரு ஹீட்டருக்கு ஒரு ராத்திரிக்கு எண்டு தனியா எடுக்கினம், குளிர்காயிற அடுப்புக்குப் போடுற விறகுக்கும் தனி. கம்பளிப் போர்வை ஆளுக்கு எத்தனை? வான் எடுத்துக்கொண்டு போனால் டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கா? கடைசி அரை கிலோமீட்டர் ரோட் எப்பிடி, பெரிய வான் ஏறுமா? இந்தக் கடைசிக் கேள்வியை ஒருத்தரும் கேக்கிறேல்லை, பிறகு பானையையும் கரும்பையும் தலையில வைச்சுக்கொண்டு ஏத்தத்தில நடக்கிறது.

ஏமாத்து ஆக்களும் இருக்கினம். வேற ஆரின்டையோ பங்களாப் படத்தை எடுத்து பேஸ்புக்கில போட்டு அரைவாசிக் காசு அட்வான்ஸ் கேப்பினம், போட்டவுடன போன் ஓஃப். அட்வான்ஸ் அனுப்ப முதல் வீடியோ கோல் எடுத்து முற்றத்தைக் காட்டச் சொல்லுங்கோ, கெயார்டேக்கரின்ட நம்பரை வாங்கி அவரோட தனியா ஒருக்காக் கதையுங்கோ, பேங்க் எக்கவுண்ட் பேரும் கதைக்கிற ஆளின்ட பேரும் ஒண்டா எண்டு பாருங்கோ. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு ஒரே பங்களாவை ஒரே திகதிக்கு ரெண்டு பேருக்குக் குடுத்திட்டு, முன்னம் வந்த ஆக்களுக்குத்தான் எண்டு ஓனர் கையை விரிச்சிட்டார். அதால போறதுக்கு மூண்டு நாளைக்கு முன்னம் திரும்ப ஒருக்கா எடுத்து உறுதிப்படுத்துங்கோ.

3. ரயிலா, வானா

பிள்ளையளுக்கு ரயில்தான் விருப்பம். கோட்டையில இருந்து பொடி மெனிக்கே விடிய 5.55, உடரட்ட மெனிக்கே 8.30, இதுதான் பழகின நேரங்கள், இறங்கிறது நானுஓயாவில, அங்க இருந்து டவுன் எட்டு ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ இல்லாட்டி வான். ஆனால் 2025 நவம்பர் கடைசியில வந்த டிட்வா புயல் மலைநாட்டுப் பாதையை நல்லாச் சிதைச்சுப் போட்டுது, அதால நேரத்தைப் பாக்க முதல் நானுஓயா வரைக்கும் ரயில் ஓடுதா எண்டு ஸ்டேஷன்ல கேளுங்கோ. கூகிள் மெப் ஓடும் எண்டுதான் சொல்லும், அதை நம்பிப் பெட்டி கட்டாதேங்கோ.

ஓடினால், சீட் ரிசர்வேஷன் 30 நாளைக்கு முன்னம் திறக்கும். பொங்கலுக்கு முதல் நாள் போறது எண்டால் டிசம்பர் நடுவில எந்தத் திகதி எண்டு எண்ணிப் பாத்து போன்ல அலாரம் வையுங்கோ, லீவு நாள் சீட்டெல்லாம் கண்ணை மூடித் திறக்க முதல் முடியும். போற டிக்கெட் கிடைச்ச சந்தோஷத்தில திரும்பி வாற டிக்கெட்டை மறக்கிறது வழமை, அது வேற திகதியில திறக்கும், அதுக்கும் ஒரு அலாரம். டிக்கெட்டுக்கு அடையாள அட்டை நம்பர் குடுக்கோணும், ரயிலில செக் பண்ணேக்க டிக்கெட்டில இருக்கிற நம்பரும் கையில இருக்கிற அட்டையும் ஒத்துப் போகோணும். அதால ஸ்டேஷன் வாசல்ல நிண்டு "சீட் இருக்கு, ரெண்டு மடங்கு குடுங்கோ" எண்டு கேக்கிற ஆக்களிட்ட வாங்கினால் காசும் போய் இருக்கையும் போகும்.

வான் எண்டால் ரெண்டு வழி. அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை எண்டு ஒண்டு. கண்டி ரோட்டால போய் பேராதனை, கம்பளை, புசல்லாவை, றம்பொடை எண்டு மற்றது. ரெண்டும் அஞ்சில இருந்து ஆறு மணித்தியாலம், லீவு நாளில இன்னும் கூடும். போற கிழமை எது திறந்திருக்கு எண்டு பாத்து முடிவெடுங்கோ, றம்பொடைப் பக்கம் வளைவு கூட, ஆனால் வழியில அனுமார் கோயில் இருக்கு, அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் அந்த வழிதான் நடக்கும்.

ராத்திரிப் பயணம் வேண்டாம். டிராபிக் இல்லை எண்டு கொஞ்சப் பேர் ராத்திரி பத்து மணிக்கு வெளிக்கிடுவினம். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லயில பஸ் ஒண்டு பள்ளத்தில விழுந்து இருபது பேருக்கு மேல செத்தது விடியப்புறத்திலதான். பனி மூட்டம், நித்திரை, வளைவு மூண்டும் சேரக்கூடாது. விடிய நாலரைக்கு வெளிக்கிட்டால் காலைச் சாப்பாட்டுக்கு முன்னம் கொழும்பைத் தாண்டிடலாம். நானுஓயாவுக்குக் கிட்ட ராதெல்ல குறுக்கு ரோட்டால போனால் கெதியாப் போகலாம் எண்டு டிரைவர் சொன்னால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, 2023 ஜனவரியில ஏழு பேர் செத்த விபத்து அதிலதான், செங்குத்தான இறக்கம்.

மழை பெய்தால் வெளிக்கிட முதல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின்ட மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கோ, மஞ்சள் எண்டால் கவனம், அம்பர் (செம்மஞ்சள்), சிவப்பு எண்டால் பயணத்தை நிப்பாட்டுங்கோ, பொங்கல் வீட்டிலயும் பொங்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990. ரெண்டையும் போன்ல போட்டு வையுங்கோ.

4. கொண்டு போற பேப்பர்கள்

எல்லாற்ற அடையாள அட்டையும், போட்டோ கொப்பி இல்லை, உண்மையான அட்டை. அட்டை எடுக்காத பிள்ளையளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கொப்பி. சொந்த வாகனம் எண்டால் லைசன்ஸ், இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் திகதி முடியாமல் இருக்கா எண்டு முதல் கிழமையே பாருங்கோ.

இதில பெரிய பொறி வெளிநாட்டுச் சொந்தங்கள். டிசம்பர், ஜனவரியில கனடா, லண்டன்ல இருந்து சித்தப்பா குடும்பம் வந்து நிக்கும், அவையளையும் கூட்டிக்கொண்டு ஹோர்டன் சமவெளி போனால் வாசல்ல வெளிநாட்டுப் பாஸ்போட் ஆக்களுக்கு டொலர் கணக்கில டிக்கெட், எங்களுக்குச் சில நூறு ரூபாயில முடியிறது அவைக்கு ஆளுக்குப் பல ஆயிரம். ஹக்கல பூங்காவிலயும் வெளிநாட்டு விலை தனி. தமிழில கதைச்சால் விடுவினம் எண்டு நினைக்காதேங்கோ. இரட்டைக் குடியுரிமை இருந்தால் இலங்கைப் பாஸ்போட்டையோ அடையாள அட்டையையோ கையோட கொண்டு வரச் சொல்லுங்கோ.

5. காசுக் கணக்கு

வானுக்கு: போக வர, அங்க ஓடுறது எல்லாம் சேர்த்து 400 கிலோமீட்டர் எண்டு வையுங்கோ. கிலோமீட்டருக்கு எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர் பெக்கேஜுக்குள்ள, மேலதிகமா ஓடினால் எவ்வளவு, டிரைவரின்ட ராத்திரிக் காசு, சாப்பாடு ஆர் பாக்கிறது, இது எல்லாத்தையும் முதலே பேசுங்கோ. "ஒரு நாளைக்கு இவ்வளவு" எண்டு மட்டும் சொல்லுற ஆளிட்ட கடைசியில பில் வேற மாதிரி வரும். எங்களுக்கு மொத்தச் செலவில பாதிக்குக் கிட்ட தங்கினதுக்கும், அடுத்த பெரிய பங்கு வானுக்கும் போனது, சாப்பாடு நாங்களே சமைச்சதால பெரிசா இல்லை. டவுனுக்கு வெளிய உள்ள பங்களாவில கார்ட் எடுக்காயினம், டவுன்ல ஏடிஎம் இருக்கு, ஆனால் லீவு நாளில காசு முடியும், கொழும்பிலயே எடுங்கோ. கெயார்டேக்கருக்குத் தனியா ஒரு தொகை ஒதுக்குங்கோ, அந்த ஆள்தான் உங்கட பொங்கலைக் காப்பாத்தப் போறார்.

6. உடுப்பு

கொழும்பில சுவெட்டருக்குக் காசைக் கொட்டாதேங்கோ. நுவரெலியா டவுன்ல பேல் கடையள், அதாவது மூட்டையா வாற குளிர் உடுப்பு விக்கிற கடையள் இருக்கு, ஜக்கெட், தொப்பி, கையுறை எல்லாம் கொழும்பு மோல் விலையில ஒரு பங்குக்கு எடுக்கலாம், பேரம் பேசோணும். ஆனால் போய் இறங்கிற முதல் பின்னேரத்துக்கு ஆளுக்கு ஒரு தடிச்ச உடுப்பும் சொக்ஸும் கையில இருக்கட்டும். பொங்கலுக்குப் புதுச் சேலை, வேட்டி எண்டு கொண்டு போவீங்கள்தானே, வேட்டிக்குள்ள போட ஒரு லோங் பாட்டம் வையுங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது. பருத்திச் சேலை நெருப்புக்குக் கிட்ட சுகம், ஷிபோன் ரெண்டு விதத்திலயும் கேடு, குளிரும் தாங்காது நெருப்பும் தாங்காது. வாந்திக் குளிசை, ஆஸ்துமா இருந்தால் பம்ப், காய்ச்சல் மருந்து, வெடிக்கிற உதட்டுக்கு வசலின், மறக்காதேங்கோ.

7. பொங்கல் சாமான்: எது இங்க, எது அங்க

இங்க இருந்து: பச்சையரிசி, வறுத்த பயறு, சர்க்கரை, கஜு, பிளம்ஸ், ஏலக்காய், கற்பூரம், நெருப்புப் பெட்டி ரெண்டு, பானை, அகப்பை, தலைவாழை இலை நாலைஞ்சு சுருட்டி ஈரத்துணிக்குள்ள, காய்ஞ்ச பொச்சும் (தேங்காய் மட்டை) சிரட்டையும் ஒரு பை. பொச்சு கட்டாயம், ஏன் எண்டு கீழ சொல்லுறன். கரும்பு, இஞ்சி மஞ்சள் கொத்து பொங்கலுக்கு முதல் ரெண்டு நாளும் கொழும்பில விலை ஏறும், கரும்பை வானுக்கு அளவா வெட்டித் தரச் சொல்லுங்கோ. மண்பானை கொண்டு போறது எண்டால் மடியில வைச்சுக்கொண்டு போக ஒரு ஆள் வேணும். நாங்கள் வெண்கலப் பானைக்கு மாறிட்டம்.

அங்க இருந்து: பால், பழம், பூ, தேங்காய். பசும்பால் நல்லது கிடைக்கும், கெயார்டேக்கரிட்ட முதல் நாளே சொன்னால் விடியக் கொண்டு வந்து தருவார்.

வெடி கொண்டு போகாதேங்கோ. பக்கத்துப் பங்களாக்காரர், மாட்டுப்பட்டி, பூங்காப் பக்கம் நிக்கிற குதிரையள், ஒருத்தருக்கும் பிடிக்காது, பங்களா ஓனரும் டெபோசிட்டில கழிப்பார்.

8. பொங்கல் காலை

முதல் நாள் பின்னேரமே இடத்தைத் தெரிவு செய்யுங்கோ. கிழக்கு எந்தப் பக்கம் எண்டு போன்ல பாருங்கோ, காத்து எந்தப் பக்கத்தால வருது எண்டு நிண்டு பாருங்கோ, சுவரோ மதிலோ காத்தை மறைக்கிற மூலை இருந்தால் அதுதான் இடம். மூண்டு செங்கல்லை வைச்சுப் பானையைத் தூக்கி வைச்சு ஆடுதா எண்டு பாருங்கோ. அரிசிமாக் கோலம் பனியீரத்தில விடிய முதலே கரைஞ்சிடும், அதால கோலத்தை விறாந்தையில போடுங்கோ, இல்லாட்டி காலையில அடுப்பு மூட்டின பிறகு போடுங்கோ.

விறகுதான் பெரிய பிரச்சினை. பங்களாப் பின்பக்கம் அடுக்கி இருக்கிற விறகு பாக்கக் காய்ஞ்ச மாதிரி இருக்கும், கையில தூக்கினால் பாரம். எங்களுக்கு கெயார்டேக்கர் அண்ணன்தான் ஒரு கட்டையைத் தூக்கிப் பாத்திட்டுச் சொன்னார்: "இது பிடிக்காதுங்கம்மா, பூரா ஈரம். நான் லயத்துல இருந்து காஞ்ச வெறகு கொண்டாந்து தாறேன், ராத்திரி உள்ளுக்கு வச்சிருங்க." ரெண்டு கட்டு கொண்டு வந்து தந்தார், அதைக் குளிர்காயிற அடுப்புக்குப் பக்கத்தில ராத்திரி முழுக்க வைச்சிருந்தம். விடிய பொச்சைப் பிச்சு அடியில போட்டு, நடுவில கற்பூரம் நாலைஞ்சு, மேல சிரட்டை, அதுக்கு மேல விரல் தடிப்பில பிளந்த விறகு, அப்பிடி அடுக்கினால் ஒரே குச்சியில பத்தும். மண்ணெண்ணெய் ஊத்தாதேங்கோ, பொங்கல் முழுக்க மணக்கும்.

சின்ன காஸ் டின் அடுப்பை நம்பி விறகை விட்டுப் போட்டுப் போகாதேங்கோ. அந்தக் குளிரில டின்னுக்குள்ள அமுக்கம் குறைஞ்சு நெருப்பு மெழுகுதிரி மாதிரித்தான் எரியும்.

அடுத்தது கொதி. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில இருக்கு, அங்க தண்ணி 94 பாகை கிட்டயே கொதிச்சிடும். பால் பொங்கிறது கெதியாப் பொங்கும், ஆனால் அரிசி வேகிறது இழுக்கும். வீட்டில இருபத்தஞ்சு நிமிஷம் எண்டால் அங்க பத்துப் பதினைஞ்சு நிமிஷம் கூட வையுங்கோ. அரிசியை அரை மணித்தியாலம் ஊறப்போடுங்கோ, பயறை முதல் நாள் ராத்திரி உள் அடுப்பில அரைவேக்காடா அவிச்சு வைச்சால் ஒருத்தரும் உங்களைப் பிடிச்சுக்கொண்டு போகமாட்டினம். சுடுதண்ணி ஒரு கேத்தில் பக்கத்தில இருக்கட்டும், பச்சைத்தண்ணி ஊத்தினால் கொதி அடங்கி எழும்ப யுகம் எடுக்கும். சர்க்கரை போடுறதுக்கு முன்னம் அரிசியை நசிச்சுப் பாருங்கோ, சர்க்கரை விழுந்தாப் பிறகு அரிசி வேகாது.

நேரம்: அந்த நாட்களில சூரிய உதயம் ஆறரைக்குக் கொஞ்சம் முன்னம். ஆனால் மலைக்குப் பின்னால இருந்து எழும்பி உங்கட முற்றத்துக்கு வர ஏழு, ஏழரை ஆகும், மூட்டம் எண்டால் ஒன்பதுக்கும் தெரியாது. சூரியனைக் கண்டுதான் படைப்பம் எண்டு நிண்டால் பொங்கல் ஆறிக் கல்லாகும், குளிரில அஞ்சு நிமிஷம் போதும். பஞ்சாங்க நேரத்தைப் பிடியுங்கோ. வாக்கியமா திருக்கணிதமா எண்ட சண்டையைக் கொழும்பிலயே முடிச்சிட்டு வாங்கோ, அடுப்படியில நிண்டு பெரியப்பாவும் மாமாவும் அதைக் கதைக்கத் தொடங்கினால் பால் கருகும்.

படைச்ச உடன சாப்பிடுங்கோ, கெயார்டேக்கர் வீட்டுக்கும் ஒரு சட்டி குடுத்து விடுங்கோ. அவையள் வீட்டிலயும் பொங்கி இருப்பினம், அங்க இருந்தும் ஒரு சட்டி திரும்பி வரும், சில நேரம் அதுதான் திறமா இருக்கும். அடுப்பைத் தண்ணி ஊத்தி அணைச்சு, சாம்பலை அள்ளி, செங்கல்லை இருந்த இடத்தில வைச்சிட்டு ஒரு போட்டோ எடுத்து வையுங்கோ, டெபோசிட் திரும்பக் கேக்கேக்க உதவும்.

9. சுத்திப் பாக்க

பொங்கலண்டு தூரம் போகாதேங்கோ. ஹக்கலப் பக்க ரோட்டில சீதா எலிய சீதையம்மன் கோயில், டவுன்ல காயத்ரி பீடம், பின்னேரம் கிரெகரி வாவி, அவ்வளவு போதும். வாவிப் பக்கம் பின்னேரம் காத்து குத்தும்.

ஹோர்டன் சமவெளியை மாட்டுப் பொங்கலண்டு வையுங்கோ. கேற் விடிய ஆறு மணிக்குத் திறக்கும், டவுன்ல இருந்து அஞ்சுக்குள்ள வெளிக்கிடோணும், உலக முடிவு எண்ட செங்குத்துப் பள்ளம் ஒன்பது பத்து மணிக்குப் பிறகு மூட்டத்தில மறைஞ்சிடும். சுத்துப் பாதை ஒன்பது கிலோமீட்டருக்கு மேல, குழந்தைப் பிள்ளையளோடயும் முழங்கால் வருத்தக்காரரோடயும் முழுக்கப் போகேலாது. வாசல்ல பையைத் திறந்து பொலித்தீனை எல்லாம் எடுப்பினம், பிஸ்கட் உறையைக் கூடக் கழட்டுவினம், அதால சாப்பாட்டை டப்பாவில போட்டுக்கொண்டு போங்கோ. முதல் நாள் பொங்கல் ஆறினதைத் துண்டு துண்டா வெட்டி டப்பாவில கொண்டு போனம், அந்தக் குளிரில நடந்து களைச்சு அதைச் சாப்பிடேக்க பிள்ளையள் சொக்லேட் கேக்கவே இல்லை.

10. திரும்பி வாறது

லீவு கடைசி நாள் மத்தியானத்துக்குப் பிறகு வெளிக்கிட்டால் அவிசாவளையில இருந்து கொழும்பு மட்டும் ஊர்ந்துதான் வருவீங்கள். காலைச் சாப்பாட்டோட இறங்குங்கோ, இறக்கத்தில டிரைவரைச் சின்ன கியரில வரச் சொல்லுங்கோ, பிரேக் மணத்தால் நிப்பாட்டி ஆற விடச் சொல்லுங்கோ. லீக்ஸ், கரட் ரோட்டுக்கரையில வாங்கிறது எண்டால் ரெண்டு மூண்டு கடை விலை கேட்டுப் பாருங்கோ, முதல் கடை எப்பவும் கூடச் சொல்லும். ஈர உடுப்பையும் கம்பளியையும் ஒரே பையில அடைச்சால் கொழும்பு வெக்கைக்கு ரெண்டு நாளில பூஞ்சணம் பிடிக்கும், வந்த அண்டே விரிச்சுப் போடுங்கோ. டெபோசிட் திரும்பி வரேல்லை எண்டால் மூண்டாம் நாள் மெசேஜ் போடுங்கோ, அந்தப் போட்டோவையும் சேர்த்து.